சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பியானோ

பியானோவைப் பற்றி எழுத உனக்கு என்ன தெரியும் என்று யாராவது கேட்டால், ஒன்றும் தெரியாது என்றுதான் நான் சொல்ல வேண்டும். பிளஸ் டூவோடு படிப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டு, இருபத்திரண்டு வயசில் கையில் குழந்தையோடு அடுப்படிக்கு வந்தவள். சின்ன வயசில் பாட்டு வகுப்புக்குப் போனதில் சரளி வரிசை, ஜண்டை வரிசை, நாலு கீதம், அவ்வளவுதான். ஆனாலும் போன குளிர்காலம் மூன்று மாதம், ஒரே ஒரு பியானோ பாட்டை, சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நூற்றுக்கணக்கான தடவை கேட்டிருக்கிறேன். அத்தனை தடவை கேட்டால் ஆட்டுக்கல்லுக்கே கொஞ்சம் ஞானம் வந்துவிடும் இல்லையா!

என் மகள் ஜெர்மனியில் லைப்சிக் நகரத்தில் இருக்கிறாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பதுதான் நம் வழக்கம். அதற்கு வழியில்லாமல் போயிற்று. அவள் தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டவள். என் கணவர் இரண்டு வருஷமாக அவளோடு பேச்சு வார்த்தை இல்லை. சின்ன வயசில் அவளுக்கு சைக்கிள் பழக்கியது, பத்தாம் வகுப்பு வரை இரவு பதினொரு மணிக்கும் உட்கார்ந்து கணக்குச் சொல்லிக் கொடுத்தது எல்லாம் அவர்தான். அவ்வளவு செய்த மனுஷர் என்பதால்தான் அவ்வளவு கோபமும். "நீ போறதை நான் தடுக்கலை. என்னைக் கூப்பிடாதே" என்று சொல்லிவிட்டார். டிக்கெட் மட்டும் அவரே எடுத்துக் கொடுத்தார். பிரசவ லேகியம், சுக்கு, பூண்டு, கறிவேப்பிலைப் பொடி என்று பெட்டியை நிரப்பிக்கொண்டு, திருச்சியிலிருந்து தனியாகக் கிளம்பினேன்.

லைப்சிக்கில் அவர்கள் இருப்பது பழைய காலத்து வீடு. மரத்தளம். நடந்தால் கிறீச் கிறீச் என்று கத்தும். பக்கத்துப் போர்ஷனில் கொரியாவிலிருந்து வந்த ஒரு பெண். சங்கீதக் கல்லூரி மாணவி. அந்தக் கல்லூரியை 1843இல் மெண்டெல்சோன் என்ற இசை மேதை தொடங்கினாராம். இன்றைக்கும் உலகத்தின் நாலா பக்கத்திலிருந்தும் பிள்ளைகள் வந்து படிக்கிறார்கள். மத்தியானம் ஒன்றிலிருந்து மூன்று மணி வரையும், ராத்திரி பத்துக்கு மேலும் அந்தக் கட்டடத்தில் யாரும் சத்தம் போடக் கூடாது என்று விதி. மற்ற நேரமெல்லாம் அந்தப் பெண்ணின் பியானோதான்.

பேத்தி பிறந்து வீட்டுக்கு வந்த முதல் வாரம் எனக்கு அந்த பியானோ மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. தினமும் அதே பாட்டு. ஆரம்பம் நன்றாகத்தான் இருக்கும், அலை அலையாக வரும். நடுவில் அடங்கும். அந்த நேரம் பார்த்துக் குழந்தை கண் அசரும். உடனே கடைசிப் பகுதி, தடதடவென்று, மாடியிலிருந்து பித்தளை அண்டாவை உருட்டிவிட்ட மாதிரி! குழந்தை வீல் என்று கத்தும். பெற்ற உடம்போடு மகள் எழுந்து உட்கார்ந்துகொண்டு, "விடும்மா, பாவம், பரீட்சை இருக்கு அவளுக்கு" என்பாள்.

நான் விடவில்லை. ஒரு நாள் ஒரு டப்பாவில் முறுக்கு எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். சண்டைக்குப் போகிறவள் முறுக்கோடு போவாளா என்று கேட்காதீர்கள், வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போய்ப் பழக்கமில்லை. இருபது இருபத்தொரு வயசுப் பெண், முகம் முழுக்க பயம். என் இங்கிலீஷும் ஓட்டை, அவள் இங்கிலீஷும் ஓட்டை. இரண்டு ஓட்டையும் சேர்ந்து எப்படியோ பேச்சு ஓடியது. மன்னிப்புக் கேட்டாள். பிறகு பியானோ மேல் இருந்த புஸ்தகத்தைக் காட்டி, "இது கல்யாணப் பரிசு" என்றாள்.

யாருக்குக் கல்யாணம்? அங்கேதான் எனக்கு ஆரம்பித்தது.

ராபர்ட் ஷூமன் என்று ஒருவர், 1810இல் பிறந்தவர். பியானோ கற்றுக்கொள்ள லைப்சிக்கில் ஃப்ரீட்ரிஷ் வீக் என்ற வாத்தியார் வீட்டுக்கு வந்து தங்கினார். வாத்தியாருக்கு ஒரு மகள், பெயர் கிளாரா. மகளைப் பெரிய கலைஞியாக்க வேண்டும் என்று தகப்பனாரே சொல்லிக் கொடுத்து, ஒன்பது வயசில் மேடை ஏற்றி, ஊர் ஊராக அழைத்துப் போய்ப் புகழ் வாங்கிக் கொடுத்தார். ஷூமனுக்கு விரல் கெட்டுப்போய் பியானோக் கலைஞராகும் ஆசை போயிற்று, இசை எழுதுகிறவராகிவிட்டார். கிளாராவுக்கும் அவருக்கும் மனசு ஒத்துப்போனது. தகப்பனார் ஒத்துக்கொள்ளவில்லை. குடிகாரன், சம்பாதிக்கத் தெரியாதவன் என்று கோர்ட் வரைக்கும் போனார். வழக்கு நடந்து, கோர்ட் அனுமதி கொடுத்து, 1840 செப்டம்பர் 12ஆம் தேதி, கிளாராவுக்கு இருபத்தொரு வயசு நிறைவதற்கு முதல் நாள், ஊருக்கு வெளியே ஷோனஃபெல்ட் தேவாலயத்தில் கல்யாணம். பெண்ணைப் பெற்றவர் வரவில்லை.

மகள் தன் செல்போனைப் பார்த்து இதையெல்லாம் படித்துக்கொண்டே வந்தவள், அந்த இடத்தில் நிறுத்திவிட்டாள். நான் குழந்தையின் துணிகளை மடிக்கிற வேலையில் ரொம்ப கவனமாக இருந்தேன்.

அந்தக் கல்யாணத்துக்கு ஷூமன் கொடுத்த பரிசு இருபத்தாறு பாட்டுகள். தொகுப்பின் பெயர் 'மிர்ட்டென்'. நம் ஊர் மல்லிகை மாதிரி, அந்த ஊர்க் கல்யாணப் பெண் தலையில் வைக்கிற பூவின் பெயர். அதில் முதல் பாட்டு 'விட்முங்'. சமர்ப்பணம் என்று அர்த்தம். வார்த்தைகள் ரூக்கெர்ட் என்ற கவிஞருடையவை. ஒருவர் பாட, ஒருவர் பியானோ வாசிக்க வேண்டிய பாட்டு அது. எட்டு வருஷம் கழித்து, 1848இல், ஹங்கேரி நாட்டு பியானோ மன்னர் ஃப்ரான்ஸ் லிஸ்ட், பாடுகிறவரே இல்லாமல் தனி பியானோவுக்கு அதை மாற்றி எழுதினார். பக்கத்து வீட்டுப் பெண் உருட்டிக்கொண்டிருந்த அண்டா அதுதான்.

இதில் ஒரு சங்கடத்தை அந்தப் பெண் எனக்கு வாசித்தே காட்டினாள். பியானோவில் ஒரு கட்டையை அழுத்தினால், உள்ளே ஒரு சுத்தி கம்பியை அடிக்கிறது. அடித்த நொடியிலிருந்து அந்தச் சத்தம் தேய ஆரம்பித்துவிடும். பாடுகிறவர் மாதிரி ஒரு ஸ்வரத்தை நீட்டி, நடுவில் பெரிசாக்கி, இறக்க முடியாது. நம் வீணையிலும் மீட்டிய நாதம் தேயத்தான் செய்யும். ஆனால் கம்பியை இழுத்து கமகம் கொடுக்கலாம். பியானோவில் அதுவும் கிடையாது. இந்தக் கருவியை வைத்துக்கொண்டு பாட வேண்டும். வார்த்தையும் போயிற்று, குரலும் போயிற்று, பத்து விரல்தான் மிச்சம். அந்தப் பத்து விரலுக்கும் லிஸ்ட் வேலையை வாரி இறைத்திருக்கிறார். பாட்டின் மெட்டை இரண்டு மூன்று விரல்தான் வாசிக்கும். மற்ற விரல்கள் சுற்றிலும் ஓடிக்கொண்டே இருக்கும். ஓடுகிற விரல்கள் அடங்கி ஓட வேண்டும், மெட்டு வாசிக்கிற விரல் கொஞ்சம் கனமாக இறங்க வேண்டும். கூட்டத்தில் நம் வீட்டுக் குழந்தையின் குரல் மட்டும் நமக்குத் தனியாகக் கேட்கிறதே, அந்த மாதிரி மெட்டு தனியாகக் கேட்க வேண்டும்.

நடுப் பகுதி வரும்போது ஆதார சுருதியே வேறு இடத்துக்குப் போய்விடுகிறது. வேகம் தணிந்து, ஒரே மாதிரி மெல்லிய அடிகள். கவிதையில் அந்த இடம் ஓய்வையும் அமைதியையும் பற்றியதாம். பிறகு முதல் மெட்டு திரும்ப வரும்போது, லிஸ்ட் அதைப் பெரிய கோபுரமாகக் கட்டிவிடுகிறார். கட்டைகளின் கீழ்க்கோடியிலிருந்து மேல்கோடி வரை கை பறக்கும். மொத்தமே நான்கு நிமிஷத்துக்குள் முடிகிற பாட்டு.

"கடைசியில அவ்வளவு சத்தம் எதுக்கு?" என்று கேட்டேன்.

"லிஸ்ட் அப்படித்தான் எழுதியிருக்கார்" என்றாள். "என் டீச்சரும் அதையேதான் கேட்கிறாங்க. சத்தம் சரி, ஏன் சத்தம் என்று கேட்கிறாங்க. எனக்குப் பதில் தெரியலை."

அந்த வாரம் மகளின் கம்ப்யூட்டரில் 'சாங் ஆஃப் லவ்' என்ற பழைய ஹாலிவுட் படம் பார்த்தோம். 1947இல் வந்தது. கிளாராவாக காத்தரின் ஹெப்பர்ன். ஒரு விருந்தில் லிஸ்ட் இந்தப் பாட்டைத் தன் பாணியில் ஜோடனையெல்லாம் செய்து முழக்குகிறார். எல்லோரும் கைதட்டுகிறார்கள். அடுத்து கிளாரா போய் உட்கார்ந்து, அதே பாட்டை ஒரு நகையும் போடாத பெண் மாதிரி எளிமையாக வாசிக்கிறாள். லிஸ்டுக்கு முகம் மாறிவிடுகிறது. இது சினிமாவுக்காகப் பின்னிய காட்சி. எனக்குப் பிடித்த சங்கதி வேறு. படத்துக்கு நிஜமாக பியானோ வாசித்தவர் ஆர்தர் ரூபின்ஸ்டைன் என்ற பெரிய வித்வான். லிஸ்டின் முழக்கமும் அவர் விரல்தான், கிளாராவின் எளிமையும் அவர் விரல்தான்! ஒரே மனுஷர் ஒரே படத்தில் இரண்டு மனசாக வாசித்திருக்கிறார். அப்படியானால் உணர்ச்சி எங்கே இருக்கிறது? காகிதத்திலா, விரலிலா? பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் இதே யோசனை. பிறகு மகள் வான் கிளைபர்ன் வாசித்த பதிவையும், கிஸின் வாசித்த பதிவையும் போட்டுக் காட்டினாள். ஸ்வரம் ஒன்றுகூட மாறாது. ஆனால் ஒவ்வொருவரும் மூச்சு விடுகிற இடம் வேறு வேறாக இருக்கிறது.

இதற்கு விடை எனக்குக் கிடைத்தது என் வீட்டுத் தொட்டிலில். சுவர் மெல்லியது என்று சொன்னேன் இல்லையா, அது இரண்டு பக்கத்துக்கும்தான். ராத்திரி பேத்தியைத் தூங்க வைக்க என் பாட்டி பாடின தாலாட்டைப் பாடுவேன். மறுநாள் மாடிப்படியில் அந்தப் பெண் என்னை நிறுத்தினாள். "அம்மா," (என் மகள் கூப்பிடுவதைக் கேட்டு அவளும் அப்படித்தான் கூப்பிடுவாள்) "நேற்று நீங்க பாடினதுல, ஒவ்வொரு வரியிலும் கடைசி வார்த்தைக்கு முன்னாடி நிறுத்துறீங்க. ஒரு தடவை நீளமா, ஒரு தடவை குட்டியா. எண்ணிப் பார்த்தேன், கணக்குக்கு வரலை. எப்படி முடிவு பண்றீங்க?"

நான் முடிவு பண்ணுகிறேனா! எனக்கே தெரியாது. அன்றைக்கு ராத்திரி கவனித்தேன். குழந்தையின் இமையைப் பார்க்கிறேன். இமை இறங்குகிற மாதிரி இருந்தால், அடுத்த வார்த்தையைப் பூப்போல வைப்பதற்காகக் காத்திருக்கிறேன். திடீரென்று கண்ணைத் திறந்து பார்த்தால், சட்டென்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போகிறேன். தாளம் தவறத்தான் செய்கிறது. ஆனால் எந்தக் குழந்தையும் அதற்காகக் கோபித்துக்கொண்டதில்லை. இதைப் போய் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். முழுக்கச் சொல்ல இங்கிலீஷ் வரவில்லை. பேத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, பாடிக் காட்டி, இமையைத் தொட்டுக் காட்டினேன்.

அவர்கள் சங்கீதத்தில் இதற்குப் பெயரே இருக்கிறதாம், 'ரூபாட்டோ'. திருடப்பட்டது என்று அர்த்தம். ஒரு ஸ்வரத்திடம் காலத்தைத் திருடி இன்னொன்றுக்குக் கொடுப்பது. "டீச்சர் சொல்றப்போ, எங்கே திருடணும்னு பென்சிலால குறிச்சு வச்சிருந்தேன்" என்று புஸ்தகத்தைக் காட்டினாள். பக்கம் முழுக்கப் பென்சில். பார்க்க எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால், தாய்ப்பால் கொடுக்கும் நேரத்தையெல்லாம் நோட்டில் எழுதி வைத்து, குழந்தையைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சின்னப் பெண் ஞாபகம் வந்தாள். நான்தான் அது.

"உனக்கு யாரும் இருக்காங்களா, மனசுல வச்சு வாசிக்க?" என்று கேட்டேன். காதலன் யாராவது இருப்பான் என்று நினைத்தேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. சியோலில் இருக்கும் தன் பாட்டியைச் சொன்னாள். ஊருக்குப் போய் மூன்று வருஷமாகிறதாம்.

குழந்தைக்கு நாற்பது நாள் கழிந்ததும் ஒரு மத்தியானம் மாப்பிள்ளை குழந்தையைப் பார்த்துக்கொள்ள, நானும் மகளும் இன்ஸெல் தெருவுக்குப் போனோம். கல்யாணமானதும் ஷூமன் தம்பதி 1844 வரை குடியிருந்த வீடு, பதினெட்டாம் நம்பர், இப்போது மியூசியம். அங்கே உட்கார்ந்துதான் ஷூமன் 1841இல் தன் வசந்த கால சிம்பொனியை எழுதினார். அவர் எழுதும்போது கிளாரா பியானோவைத் தொட முடியாது. சுவர் தாண்டிச் சத்தம் கேட்குமே! ஐரோப்பாவே கொண்டாடிய கலைஞி, கணவரின் வேலை கெடக் கூடாது என்று பியானோவை மூடி வைத்துவிட்டு, சாதகம் போகிறதே என்று டைரியில் வருத்தப்பட்டு எழுதியிருக்கிறாள். இதைப் படிக்க ஜெர்மன் தெரிய வேண்டியதில்லை, நமக்கு.

எட்டுப் பிள்ளை பெற்றாள் கிளாரா. ஒன்று பச்சைக் குழந்தையிலேயே போயிற்று. ஷூமனுக்கு மனநோய் முற்றி, 1854இல் ரைன் நதியில் குதித்தார். காப்பாற்றி மனநல விடுதியில் சேர்த்தார்கள், 1856இல் அங்கேயே இறந்தார். கடைசிப் பிள்ளை பிறந்தபோது தகப்பன் விடுதியில். அதற்கப்புறம் அவள் மேடை ஏறி வாசித்துத்தான் குடும்பம் நடந்தது. 1891 வரை வாசித்தாள். கணவரின் பாட்டுகளில் முப்பதை அவளும் தனி பியானோவுக்கு மாற்றி எழுதியிருக்கிறாள், லிஸ்டைப் போல ஜோடனை சேர்க்காமல். லிஸ்டின் ஆர்ப்பாட்டம் அவளுக்குப் பிடிக்கவே பிடிக்காதாம். யூரோ வருவதற்கு முன்னால் ஜெர்மனியின் நூறு மார்க் நோட்டில் அவள் படம்தான் இருந்தது.

இவ்வளவையும் கேட்ட பிறகு எனக்கு லிஸ்ட் மேல் இருந்த கோபம் குறைந்துபோனது வேடிக்கை. கோர்ட் வரைக்கும் போய் ஜெயித்துக் கைப்பிடித்தவன் சந்தோஷத்தில் கத்தமாட்டானா? கத்தட்டுமே. நடுவில் அந்த அமைதி உண்மையாக வந்திருந்தால், கடைசிச் சத்தமும் உண்மையாகத்தான் கேட்கிறது. நடுப்பகுதியை அவசரமாகக் கடந்துவிட்டு வருகிறபோதுதான் அது அண்டா.

வாசல் படி இறங்கும்போது மகள் கேட்டாள், "கிளாராவோட அப்பா கடைசி வரைக்கும் பேசவே இல்லையாம்மா?"

பேசினார். 1843இல், இரண்டாவது பேத்தியும் பிறந்த பிறகு, அவராகவே சமாதானமாகக் கடிதம் எழுதினார். மியூசியத்தில் எங்களுக்கு விளக்கம் சொன்ன அம்மாள்தான் சொன்னார். மகளிடம் இதைச் சொன்னேன். "மூணு வருஷம்" என்று மட்டும் சொல்லிவிட்டு டிராம் வருகிறதா என்று பார்த்தாள்.

நான் ஊர் திரும்ப ஆறு நாள் இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு மறுநாள் பரீட்சை. சாயங்காலம் நாலு மணி, அங்கே அதற்குள் இருட்டிவிடும். திருச்சியில் எட்டரை. என் கணவர் சாப்பிட்டுவிட்டு எனக்குப் போன் பண்ணுகிற நேரம். மாத்திரை போட்டீர்களா, கேஸ் புக் பண்ணினீர்களா என்று பேச்சு போய்க்கொண்டிருந்தது. மகளைப் பற்றி அவரும் கேட்க மாட்டார், நானும் சொல்ல மாட்டேன். அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டு ஆரம்பித்தது.

வித்தியாசமாக இருந்தது. அதே ஸ்வரம்தான், எனக்கு மனப்பாடம். ஆனால் யாரையோ முகத்துக்கு முகம் பார்த்துப் பேசுகிற மாதிரி வந்தது. நடுப்பகுதிக்கு நுழையுமுன் ஒரு கணம் நின்றாள். வழக்கமாக நிற்கிற அளவைவிடக் கொஞ்சம் ஜாஸ்தி. என் கையில் பேத்தி. நான் பேச்சை விட்டுவிட்டேன்.

"என்ன சத்தம் அங்கே?" என்றார் இவர்.

"பக்கத்து வீட்டுப் பொண்ணு பியானோ வாசிக்குது."

போனைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் பிடித்தேன். மெல்லிய அடிகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. மகள் சமையலறை வாசலில் வந்து நின்றாள். கையில் பூண்டுக் குழம்புக் கரண்டி. யாரோடு பேசுகிறேன் என்று அவளுக்குத் தெரியும்.

"குழந்தை முழிச்சிருக்கா?" என்றார். இரண்டு மாதத்தில் குழந்தையைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி.

"கேட்டுக்கிட்டிருக்கா."

பாட்டு பெரிசாக ஆரம்பித்தது, கட்டையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு. பேத்தி அழவில்லை. நான் தயங்கித் தயங்கி, "அவ இங்கேதான் நிக்கிறா, பக்கத்துல. போனைக் கொடுக்கட்டுமா?" என்றேன்.

அந்தப் பக்கம் பேச்சில்லை. வைத்துவிட்டார் என்றே நினைத்தேன்.

"இரு" என்றார். "அது முடியட்டும்."